முதலில் ரிவர்ஸ் போடச் சொன்னவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். விழுப்புரம் பஸ்ஸின் டிரைவர் எங்கள் வீட்டெதிரே வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "அக்கா, குவைத்காரரு ராத்திரி தவறிட்டாருங்க. சாயங்காலம் எடுக்குறாங்க. உங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிடுங்க." பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க, பஸ் போய்விட்டது. கையில் எடுத்த திருநீற்றை நெற்றியில் இட மறந்து அப்படியே நின்றேன்.

ஆரோக்கியசாமி என்றால் விழுப்புரம், திண்டிவனம் கார் ஸ்டாண்டுகளில் பலருக்குத் தெரியாது. குவைத்காரர் என்றால் தெரியும். அங்கே பெரிய பெரிய அமெரிக்கக் கார்களுக்கு வேலை பார்த்துவிட்டு, எண்பத்திரண்டு வாக்கில் ஊர் திரும்பி, விழுப்புரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்தினார். கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள் இந்தப் பக்கத்தில் அபூர்வம். அவற்றில் ஒன்று எங்களுடையது. பாண்டிச்சேரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் என் மாமனார் வாங்கியது. நீலமும் வெள்ளையுமாகக் கப்பல் மாதிரி இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான்.

ஒரு தை மாதம் அது சோர்ந்துபோனது. லீவரைப் போட்டால் உடனே இழுக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திடுக்கென்று நகரும். சூடேறிவிட்டால் மேட்டில் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. மயிலம் மலைப்பாதையில் ஒரு மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்தே கோயிலுக்குப் போனார். கியர்பாக்ஸைப் பிரித்தே ஆகவேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பிரித்தால் மறுபடி பூட்ட ஆளும் கிடையாது, சாமானும் கிடைக்காது. அப்படிப் பிரித்துப் போட்ட வண்டிகளில் கோழி அடைவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அடுத்த முகூர்த்தமும் மயிலத்தில்தான். ஒத்துக்கொண்டாயிற்று. அதற்கு முந்தின நாள்தான் குவைத்காரருக்குச் சொல்லி அனுப்பினோம்.

தோளில் ஒரு பை, கையில் ஒரு டின்னோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். காரைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இன்னாடி இது, ஸ்பேனர எடுக்காம குந்திக்கினு கத பேசறாரு" என்று என் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார். அது குவைத்காரர் காதிலும் விழுந்துவிட்டது.

"மச்சான், டாக்டரு வந்தவொடனே கத்தியவா எடுக்குறாரு? நாக்க நீட்டுன்னுதான சொல்றாரு. இதுல ஜல்தி பண்ணா பேஜாரு."

எனக்கு எதையும் கவனித்து மனசில் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. காலையில் எப்படி, சூட்டில் எப்படி, புகை வருகிறதா, ஊளைச் சத்தம் உண்டா என்று அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அவருக்கும் திருப்தி. பிறகு கேட்டார்:

"சரி தங்கச்சி, ரிவர்ஸ் எப்படிப் புடிக்குது?"

யாருக்கும் தெரியவில்லை. கல்யாண வண்டி ரிவர்ஸ் கியரில் பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சவாரி முடிந்து வந்தால், நாலு பேர் சேர்ந்து கையால் பின்னோக்கித் தள்ளித்தான் ஷெட்டுக்குள் விடுவோம். அந்த வண்டியில் ரிவர்ஸ் போட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அன்றைக்கும் மறுநாள் சவாரிக்காகப் பூஜை முடிந்து, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபடி வண்டி தெருவைப் பார்த்து நின்றது.

"போட்டுப் பாருங்க மச்சான்."

"பூஜ போட்ட வண்டிங்க. பின்னாடி எடுக்க மாட்டேன்."

தங்கச்சி என்று கூப்பிட்டதால் குவைத்காரர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "முன்னாடி போறதுக்கு உள்ள தனித் தட்டு, பின்னாடி போறதுக்குத் தனித் தட்டு. ஒண்ணு நல்லா இழுத்து இன்னொண்ணு இழுக்கலன்னா, அந்தத் தட்டு தேஞ்சுபோச்சு, பிரிக்கத்தான் வேணும். ரெண்டுமே சவலையா இருந்தா, நோவு ரெண்டுக்கும் பொதுவான எடத்துல இருக்குது. பாக்காம பிரிக்கச் சொன்னா நான் பாவி."

நான் உள்ளே போய் முருகன் படத்தின் முன் நின்றேன். பிரார்த்தனை என்று எதுவும் வரவில்லை. வெளியே வந்து, குனிந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தேன்.

"எடுங்க. மயிலு உலகத்தச் சுத்திட்டு திரும்பித்தானே வந்துச்சு?"

"திரும்பி வர்றது வேற, ரிவர்ஸு வேற தங்கச்சி" என்று அண்ணன் சிரித்தார். "ஆனா முருகன் பேரச் சொல்லிட்டீங்க, மச்சான் மறுத்துப் பேச முடியாது."

என் வீட்டுக்காரர் லீவரை ரிவர்ஸில் போட்டார். வண்டி யோசித்தது, பிறகு திடுக்கென்று பின்னால் நகர்ந்து பழங்களை நசுக்கியது. முன்னால் போட்டாலும் அதே தாமதம், அதே திடுக். அண்ணன் முகம் மலர்ந்தது. "ரெண்டும் சவலைதான். கியர்பாக்ஸ் ஆயில் பாக்குறீங்களா மச்சான்?"

"தெனம் காலைல பாக்குறேன். ஃபுல்லாத்தான் இருக்குது."

"என்ஜின் ஓடிக்கினு இருக்கும்போதா?"

"ஓடும்போது எவனாவது ஆயில் பாப்பானா?"

"இதுல அப்படித்தான் பாக்கணும். நின்னுட்டா மேல இருக்கிற ஆயிலெல்லாம் கீழ எறங்கி, ஃபுல்லுன்னு பொய் சொல்லும்."

என்ஜினை ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம். அதை என்னிடம் நீட்டினார். "சமையல்ல பெருங்காயம் கூடிப்போனா மூக்காலயே கண்டுபுடிப்பீங்கல்ல? மோந்து பாருங்க. தீஞ்ச வாட வருதா?"

முகர்ந்தேன். தீய்ந்த வாடை இல்லை. எண்ணெய் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"அப்ப தட்டு கருகல. பொழச்சுக்கினு இருக்குது."

எண்ணெய் எங்கே போனது என்றும் கண்டுபிடித்தார். கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் மூட்டு, என்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்தது. ஷெட்டில் என்ஜினைச் சூடேற்றும்போது சொட்டியதையெல்லாம், நாங்கள் தரையில் பரப்பியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் குடித்துவிட்டது. மூட்டை இறுக்கி, டின்னில் கொண்டுவந்திருந்த சிவப்பு ஆயிலை ஊற்றினார். அன்று மாலையே ஓட்டிப் பார்க்க மயிலம் போனோம். மலைப்பாதையில் வண்டி ஒரே மூச்சில் ஏறியது. மேலே போய் நின்றதும் என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார். நான் தேங்காய் உடைத்துக்கொண்டு வரும்வரை அண்ணன் வண்டியிலேயே இருந்தார். பஞ்சாமிர்தம் கொடுத்தேன். "எங்க மாதா கோவிச்சுக்க மாட்டா" என்று விரலை நக்கினார்.

அவர் எப்போதும் ஜெயித்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். பின்னொரு முறை, மேடேற ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தாலும் வண்டி வழக்கம்போலத் தானே கீழ் கியருக்கு இறங்கவில்லை. அரை நாள் அடியில் படுத்துக் கிடந்தார். கடைசியில் பார்த்தால், நான் புதிதாக வாங்கி வண்டிக்குள் விரித்த கனத்த கால்மிதி ஆக்ஸிலேட்டரைத் தரை தொட விடாமல் தடுத்திருக்கிறது. உடம்பெல்லாம் எண்ணெயோடு எழுந்து வந்து, "தங்கச்சி, உங்க ரத்தினக் கம்பளம் என் மானத்த வாங்கிடுச்சு" என்றார். அதைக் கார் ஸ்டாண்டு முழுக்கத் தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். தெரியாததைத் தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்வார். "கேக்காம தொறந்தா, தொறந்தவன் வச்சதுதான் நோவு" என்பார்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த வண்டியில்தான் விழுப்புரம் போனோம். கல்யாண வண்டி சாவுக்குப் போகலாமா என்று நானும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. மாதா கோயில் சந்து குறுகலானது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டியைத் திருப்ப இடமில்லை. சந்தின் முழு நீளத்துக்கும் பின்னாலேயே வரவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ரிவர்ஸ் போட்டார். போட்டதும் பிடித்தது.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: வெள்ளிக்கிழமை பூஜையில் எங்கள் வீட்டு எலுமிச்சம்பழங்கள் இன்றும் பின்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. வண்டி முதலில் ஒரு முழம் பின்னால் போய் அவற்றை நசுக்கும். அதன் பிறகுதான் முன்னால் போகும்.