கல்லு மாதிரி காற்று

துதிக்கை உடைந்த யானை பார்க்க எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பன்றி மாதிரி இருக்கும். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்படி ஒரு பன்றிக் கூட்டமே கிடந்தது. எல்லாம் அம்மா செய்த பீங்கான் யானைகள். அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த பொதுச் சூளைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதற்குள் பாதித் துதிக்கைகள் போய்விடும். சுடாத பொம்மைக்கு அப்பளத்தின் பலம்தான்.

வண்டி மாமாவுடையது, அம்மாவின் தம்பி. அதற்குக் கெட்டி ரப்பர் சக்கரம். "அந்தக் காலத்து மோட்டார் லாரியே கெட்டி டயருலதான் ஓடிச்சாம். பஞ்சருங்கற பேச்சே கெடையாது" என்பார்.

"அதுல போனவனுக்குப் பல்லு இருந்துச்சான்னு கேட்டியா?" என்பாள் அம்மா.

கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் இரண்டை மாட்டினார். ஆனாலும் காற்றின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்குப் பம்பு அடிப்பார். "கல்லு மாதிரி இருக்கணும்." கல் மாதிரியேதான் இருந்தது. துதிக்கைகளும் வழக்கம்போல உடைந்தன.

"இந்த வாட்டியும் ஒடைஞ்சா யானைய விட்டுடலாங்க்கா. கரண்டு பெட்டிக்கு ஃபீஸ் கேரியர் போடுவோம். அதுக்குத் துதிக்கை கெடையாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த முறை யானைகளுக்கு அம்மா கண்ணிமைகூடக் கீறி வைத்திருந்தாள்.

சித்திரை வெயில். எனக்கு ஒன்பது வயது. காற்றடித்துவிட்டு மாமா குளிக்கப் போனதும் ஒரு ஆணியால் டயரின் வால்வை அழுத்தினேன். புஸ்ஸென்று முகத்தில் குளிர்ந்த காற்று. எங்கள் தெருவிலேயே ஏர்கூலர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். ஒரு டயருக்கு மட்டும் ஓரவஞ்சனை கூடாதென்று இரண்டிலும் அனுபவித்தேன். பொம்மைகளை ஏற்றிய பிறகுதான் பார்த்தேன், டயர்கள் இரண்டும் தொந்தி போட்டிருந்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், கொட்டாவிதான் வந்தது.

மாமா முக்கி முக்கித் தள்ளினார். "பொம்ம சரியா காயலையாக்கா? இந்தக் கனம் கனக்குது!"

"மூணு நாளு வெயிலு குடிச்சிருக்குடா. பேசாம தள்ளு."

அம்மா சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கையில என்னாடி?" என்று ஆணியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவ்வளவுதான்.

சூளை வாசலில் வைக்கோலை விலக்கினார்கள். அம்மா ஒவ்வொரு யானையாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கடைசி யானையிடம் வந்ததும் சிரித்துவிட்டாள். "ஒண்ணுகூட ஒடையலடா!"

"எல்லாம் தள்ளுற வெதத்துல இருக்குதுக்கா" என்றார் மாமா, சட்டையைப் பிழிந்தபடி.

போன உயிர் எனக்கும் திரும்பி வந்தது. இனிமேல் காற்றைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த சூளை நாளன்று பம்பைக் காணவில்லை. மாமா வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். "கெடைக்கலன்னா வுடேண்டா, இருக்கற காத்தே போதும்" என்றாள் அம்மா, ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து யானைக்குக் காது ஒட்டியபடி. சாக்குக்கு அடியிலிருந்து பம்பின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று அம்மாவை நினைத்து எனக்கு ஒரே பரிதாபமாக இருந்தது.