திரையில்லாத ஜன்னலில் ஒரு கஞ்சாச் செடி

நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் வீப்கெ வீட்டு ஜன்னலுக்கு முந்நூறு வருடமாகத் திரை போட்டதில்லை. சரி, மிகைதான், அவளுக்குக் கல்யாணமாகி முப்பது வருடமாக. வீட்டுக்கு ஐந்து கஞ்சாச் செடி வரை போலீஸ் கண்டுகொள்ளாத ஊர் அது. அந்த ஜன்னலோரம் அவள் முதன்முதலாக வளர்த்த கஞ்சாச் செடி, அக்டோபர் பிறந்தும் பூக்கவில்லை.

"தெருவிளக்கு வெளிச்சம் செடி மேல விழுதுக்கா. பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு இருந்தாத்தான் பூக்கும். திரையப் போடுங்க," என்றான் பக்கத்து வீட்டு யெல்மர்.

"திரையா? ஒளிச்சு வைக்க எங்க வீட்டுல என்னடா இருக்கு?"

பூவும் வேண்டும், மானமும் வேண்டும். தினமும் மாலை ஏழு மணிக்குச் செடியின்மேல் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். காலை ஏழுக்கு எடுத்தாள். மூன்றே வாரத்தில் மொட்டு விட்டது.

"முப்பது வருஷத்துல ஒருநாள்கூடத் திரை போடாம, பூவையும் வரவெச்சுட்டேன் பாரு!" என்று நிமிர்ந்து நின்றாள்.

கணவர் சீப்ரென் காப்பியை உறிஞ்சினார். "கல்யாணமான முதல் வாரம் போட்டிருந்தோமேடி."