ஊதாத சைரன்

ரோஸ்லினின் மூத்த குழந்தை ஒருமுறை காய்ச்சலில் அழாமல் கிடந்தது. நன்றாகத் தூங்குகிறது என்று விட்டுவிட்டாள். வலிப்பு கண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை பிழைத்தது. அதன் பிறகு அவள் அமைதியை நம்பவில்லை.

நாசரேத்திலிருந்து ஹைதராபாத் வந்து, தார்நாகாவில் குடியிருந்தாள். பட்டான்செருவில் உள்ள ஒரு ரசாயன ஆலையின் சர்வர்களைக் கவனிப்பது அவள் வேலை. வாயு கசிந்தால் உணர்கருவி சொல்லும். அதைக் கேட்டு சைரனை ஊதவைப்பது சர்வர்.

விடுப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று, திரை முழுக்கப் பச்சை.

"ஒரு வாரமா ஒரு அலாரம்கூட இல்ல அக்கா, நிம்மதி" என்றான் உடன் வேலைசெய்யும் தினேஷ்.

"வடக்கு ஷெட்டு தெனமும் ஒரு தடவையாவது கத்துமே?"

அவன் தோளைக் குலுக்கினான். ரோஸ்லின் ஆலையின் ஷிப்ட் மேற்பார்வையாளர் கோபியை அழைத்தாள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஹைதராபாத் இந்தி கலந்துவரும்.

"கோபி, அங்க வாடை ஏதும் அடிக்கா?"

"நக்கோ மேடம், ஒண்ணும் இல்ல. காலைலேர்ந்து எல்லாருக்கும் தலைவலி, அவ்ளோதான். கைக்கு, ஏன் கேக்குறீங்க?"

வாடையில்லாத வாயுவும் தலைவலி தரும் என்று அவளுக்குத் தெரியும்.

"காரணம் கேக்காதீங்க. எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இப்பவே!"

பிறகுதான் சர்வருக்கான நிரலைத் திறந்தாள். அவள் இல்லாதபோது தினேஷ் புது ஷெட்டைச் சேர்த்திருந்தான். பழைய உணர்கருவிகளின் பெயர்கள் ஒரு பட்டியலாக, தனித்தனியாக இருந்தன. அதில் இன்னொரு பெயராகப் புதியதைச் சேர்க்காமல், எல்லாவற்றையும் ஒரே சொல்லாக ஒட்டிவிட்டிருந்தான்: 'தெற்குவடக்குகிடங்குபுதுஷெட்'. அப்படியொரு கருவி உலகத்திலேயே இல்லை. சர்வர் இல்லாத கருவியிடம் கேட்டது. பதில் வராததை ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டது.

"டெஸ்ட்ல எரர் எதுவும் வரலக்கா" என்றான் தினேஷ்.

அவள் திருத்தி ஏற்றிய மறுகணம் திரை சிவந்தது. தொலைபேசி வழியே சைரன் கேட்டது. அதற்குமேல் கோபியின் இருமல். புது ஷெட்டில் ஏணிமேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரை மயங்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். அவரும் உயிர் பிழைத்தார்.

நல்ல வேளை என்று மேலாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ரோஸ்லின் கோபியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள்.

"மேடம், இந்த வாரம் பூரா அதைத்தான் சுவாசிச்சோமா?" என்று கேட்டார் அவர்.

அந்த நாள்களின் வாயு அளவுகள் எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

"தெரியல கோபி" என்றாள்.