கண்ணாடியில் தொங்கிய பலகை

“ஜம்போ நண்டுச் சதை ரின் ஒன்றில் மூன்று ஓட்டுத் துண்டுகள். சோளகக் காற்று தொடங்கிய பின் இது இரண்டாம் தடவை. இன்னொரு தடவை நேர்ந்தால் ஓடரை வேறிடத்துக்கு மாற்றுவோம்.”

கொழும்பில் இருந்த கொள்வனவாளர் அனுப்பிய ஆங்கில மின்னஞ்சலின் சாரம் இது. கிடைத்தது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். அதைச் சொன்னால் தொழிற்சாலையின் பெயரையும் சொன்னதாகிவிடும். ஊர்காவற்றுறைப் பக்கம் என்ற அளவு போதும்.

அங்கே நான் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். எல்லோருக்கும் ‘கியூசி அக்கா’. அவித்த நண்டிலிருந்து பெண்கள் சதையைப் பிரித்தெடுப்பார்கள். உடையாமல் வரும் பெரிய துண்டுதான் ஜம்போ, விலை கூடியது. பிரித்த சதையை நீல விளக்கின் கீழே பிடித்தால் ஓடு மட்டும் பளிச்சென்று மின்னும். அப்படிப் பார்த்தும் சில துண்டுகள் தப்பிப் போகும். ஆகவே சதை எடுக்கும் கை தவறாமல் இருக்கவேண்டும். அதற்கு மாற்று இல்லை.

மனேஜர் கோகுலன் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரை ஆண்டு ஆகியிருந்தது. கெட்டவர் அல்ல, பயந்திருந்தார்.

“அக்கா, ரெண்டு ரின்னும் ஸ்ரெல்லாவின்ர மேசை. ஆளை வேலையால நிப்பாட்டுவம். நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“ஸ்ரெல்லாவோ? உங்கை இருக்கிற ஆக்களுக்குள்ள சுத்தமான கை அவளின்ரைதான் சேர்.”

“அப்ப ஓடு எங்கால வந்தது? ஓடர் போனா ஸ்ரெல்லா மட்டுமில்லை, எல்லாரும் வீட்டை போகவேண்டியதுதான்.”

அவர் சொன்னதும் உண்மை. நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டு வெளியே வந்தேன்.

தேத்தண்ணி நேரம்

ஸ்ரெல்லாவின் கணவர் அன்ரன் நண்டு வலைக்காரர். விடியுமுன் கடலுக்குப் போய், வலை இழுத்து, காலையில் துறைக்குத் திரும்புவார். பிடித்த நண்டு எங்கள் தொழிற்சாலைக்கே வரும். அங்கே வேலை செய்த பெண்களில் பாதிப்பேரின் வீடுகளில் இதே கதைதான்.

“என்ன பிள்ளை, சுகமில்லையோ?” என்று தேத்தண்ணியோடு இருந்த ஸ்ரெல்லாவைக் கேட்டேன்.

“எனக்கு ஒண்டுமில்லை அக்கா. பழைய கொட்டிலெண்டா படகு வாறது தெரியும். ஒருக்கா நிமிந்து பாப்பன், அவற்ர படகு வந்திட்டுதெண்டா பிறகு வேலைதான். இஞ்ச காத்தடிக்குதோ இல்லையோ எண்டதே தெரியாது. கை நண்டில, நினைவு கடலில.”

பக்கத்தில் இருந்த பாக்கியம் விடவில்லை. “மனேஜர் தன்ர அறைக் கண்ணாடிக்குள்ளால எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறார், தொட்டி மீனைப் பாக்கிற மாதிரி. சாப்பாடு போடுறதுதான் குறை.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரெல்லா மட்டும் சிரிக்கவில்லை. “அன்ரன்ர படகுக்கு எண்ணெய் அடிக்கிறதே என்ர சம்பளத்தில அக்கா. இந்த வேலை போனா, காசுக்காக அவர் எந்தக் காத்துக்கும் கடலுக்குப் போவார்.”

அவள் சொன்ன கொட்டில் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. சுகாதார விதிகளுக்காக அதை மூடிப் புது மண்டபம் கட்டினார்கள். குளிரூட்டி உண்டு, யன்னல் இல்லை. தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மனேஜரின் அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி மட்டும் இருந்தது. பிழை வந்த இரண்டு ரின்களும் அடைக்கப்பட்ட தேதிகளை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளும் சோளகம் பேயாக அடித்து, படகுகள் பிந்தி வந்த நாள்கள்.

இந்தப் பக்கம்

மறுநாள் காலை மனேஜரிடம் போனேன்.

“கையெழுத்து வைக்கமாட்டன் சேர். ஒருக்கா உள்ளுக்க வந்து ஸ்ரெல்லாவின்ர மேசையில நில்லுங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்.”

“யன்னல் வைக்கச் சொல்லி மட்டும் கேளாதையுங்கோ. ஏலாது. போனும் விடேலாது.”

“ரெண்டும் கேக்கேல்லை. வாங்கோ.”

சப்பாத்தை மாற்றி, தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்ரெல்லா ஒதுங்கி இடம் விட்டாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

“என்ன தெரியுது சேர்?”

“என்ர கதிரை.”

“வேறை?”

“மேசை. போன்.” அந்த நேரம் பார்த்து அறைக்குள் இருந்த அந்தத் தொலைபேசி அடித்தது. சத்தம் கண்ணாடியைத் தாண்டி மெல்லக் கேட்டது. அவர் முகம் மாறியது. “அது யூட்.”

யூட் துறையில் நண்டு நிறுக்கும் எங்கள் ஆள். ஒவ்வொரு படகும் கரைக்கு வர வர, நிறையைச் சொல்ல அறைக்கு அழைப்பு எடுப்பான். எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்பது காலை முழுவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்தே இருந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

கோகுலன் அறைக்குப் போய் அழைப்பை எடுத்தார். பிற்பகலில் அறையின் உட்பக்கம் கண்ணாடியோடு ஒட்டி ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது, எழுத்து எங்களைப் பார்த்தபடி. வியாழன் காலையிலிருந்து யூட் அழைக்க அழைக்க அதில் படகுப் பெயர்கள் ஏறின. பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், குனிவார்கள். அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்

அன்று காற்று கடுமை. எல்லாப் படகும் பலகையில் ஏறியது, அன்ரனின் ‘அடைக்கலமாதா’ தவிர. இன்னொரு ரின் பிழையாகப் போனால் எல்லாமே முடிந்துவிடும் என்ற நிலையில், ஸ்ரெல்லா நண்டைப் பாராமல் பலகையையே பார்த்தபடி சதை எடுப்பதைக் கண்டேன். நான் சொல்வதற்கு முன்பே கோகுலன் உள்ளே வந்துவிட்டார்.

“ஸ்ரெல்லா, நீர் கத்தியை வையும். கையைக் கழுவிப்போட்டு வெளியில இரும். சம்பளம் வெட்டமாட்டன்.”

“சேர், இருந்தா இன்னும் யோசினை கூடும்.”

“அப்ப நண்டைப் பிரிக்கவேண்டாம். ரின்னுக்கு மூடி துடையும். நான் துறைக்குப் போறன்.”

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். துறையிலிருந்து அவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு அலுவலகக் கிளாக்கர் பலகையில் எழுதினார்: ‘அடைக்கலமாதா அனலைதீவில ஒதுங்கி நிக்குது. எஞ்சின் பழுது. ஆள் சுகம்.’

ஸ்ரெல்லா மூடியைத் துடைத்தபடியே அழுதாள். பாக்கியம் சொன்னாள்: “அடியேய், மூடியில கண்ணீர் பட்டா அதுக்கும் ரிஜெக்ற் வரும்!”

அந்த மாதம் ரின் எதுவும் திரும்பி வரவில்லை. ஓடரும் போகவில்லை, ஸ்ரெல்லாவின் வேலையும் போகவில்லை.

பின்னர் கொள்வனவாளரின் ஆள் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். பலகை கண்ணாடியில் பாதியை மறைக்கிறது, மனேஜர் எப்படி வேலையைக் கண்காணிப்பது, கழற்றிவிடுங்கள் என்றார். கோகுலன் ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். இரண்டு கெட்ட ரின்களின் தேதிகளையும் காற்றையும் சொன்னார். அவர் போனபின் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“மறைக்குது, ஓம் எண்டு சொன்னனான். நான் இந்தப் பிள்ளைகளைப் பாக்கிறதை விட, அவை பலகையைப் பாக்கிறதாலதான் உங்கட ரின் சுத்தமா வருது எண்டும் சொன்னனான்.”

“அதுக்கு அவர்?”

“தன்ர அப்பாவும் கடல்காரன் எண்டார். பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போயிட்டார்.”

பொறுப்பில் இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரின் வேலையில் பிழை வந்தால், தீர்ப்பெழுத முன் அவரது மேசையில் போய் நில்லுங்கள். அங்கிருந்து அவருக்கு எது தெரியவில்லை என்று பாருங்கள். அது பெரும்பாலும் உங்கள் அறையிலேயே இருக்கும். இரக்கப்பட்டு நேரம் போக்குவதாக இதை எண்ணவேண்டாம். இதுவும் உங்கள் வேலைதான்.

ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. பலகை தொங்கிய சில வாரங்களில் சோளகமும் அடங்கியது. அடுத்த சோளகத்துக்கு முன்பே நான் ஓய்வு பெற்றேன். ரின்கள் திரும்பாமல் நின்றது பலகையாலா, காற்று அடங்கியதாலா என்று அறிய, அதற்குப் பிந்திய ஆண்டுகளின் சோளக மாதங்களில் திரும்பிய ரின்களின் விபரத்தைத் தொழிற்சாலையிடம் கேட்டிருக்கிறேன். பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது என்கிறாள் ஸ்ரெல்லா. விபரம் வரவில்லை. ஆகவே காரணம் பலகைதான் என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படாதது.