ஹரூக்கோவுக்குப் பூசை

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்த டொலறஸ், மனிதர்களை அவர்கள் சாப்பிடும் விதத்தைக் கொண்டே எடைபோடப் பழகியிருந்தாள். முந்நூறு பிள்ளைகளில் எவன் பட்டாணியைச் சட்டைப்பைக்குள் ஒளிக்கிறான், எவளுக்கு வீட்டில் அம்மாவோடு சண்டை என்றெல்லாம் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புதிதாக வந்த தலைமை ஆசிரியரைப் பற்றி, "அந்த மனிசன் மூண்டு நாளாய்ப் புடிங்கைத் தொடேல்லை. இருக்கமாட்டான்" என்று அவள் சொல்லி இரண்டு கிழமையில் அவர் வேலையை விட்டுப் போனார். மன்னாரிலிருந்து வந்த நாளிலிருந்து அவளிடம் மாறாமல் இருந்த குணம் இது. ஆர், எப்ப, ஏன் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை அவளால் ஓரிடத்தில் இருக்க ஏலாது.

அப்படிப்பட்டவளைத்தான் நவம்பர் மாதத்தில் முழங்கால் மூட்டை ஒப்பரேஷன் செய்து மாற்றி, எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

முதல் கிழமை அவள் ஊர் உலகத்துக்கெல்லாம் போன் எடுத்தாள். இரண்டாம் கிழமை ஆட்கள் போனை எடுக்காமல் விட்டார்கள். பஸ் ஓட்டும் கணவன் கஸ்பர், ஷிப்ட் முடிந்து வந்ததும் முன் கதவைத் திறந்து நேரே மாடிக்கு ஏறப் பழகிக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகள் ஷெறோன்தான் கடைசியில் தன் கேம் மெஷினைக் கொண்டுவந்து முன்னறை ரீவியில் பொருத்தினாள்.

"இதில ஓடவும் தேவையில்லை, சுடவும் தேவையில்லை அம்மா. வாசிச்சால் மட்டும் காணும்."

"வாசிக்கிறதுக்கு என்னத்துக்கடி மெஷின்?"

"வாசிச்சுப் பாருங்கோவன்."

அது ஜப்பானில் செய்த கதை விளையாட்டு. 'வெள்ளிமணி விடுதி' என்று பெயர், மொத்தம் நான்கு பாகம். திரையில் படம் நிற்கும், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஒரு பொத்தானை அமத்தினால் அடுத்த வரி வரும். இடைக்கிடை 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்கும். வாசிக்கிறவர்தான் அந்தக் கதையில் வரும் தபால்காரி. பனிமலையில் ஒரு விடுதியில் அவள் அகப்பட்டுக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை இரவு விடுதிக்காரரின் மகள் ஹரூக்கோவை யாரோ கொன்றுவிடுகிறார்கள். காட்டிலிருந்து ஒரு வெள்ளை நரி வந்து மணியை அடிக்கிறது. உடனே திரும்பவும் செவ்வாய் காலை. ஹரூக்கோ உயிரோடு சிரித்துக்கொண்டு முற்றத்தில் பனி தள்ளுகிறாள். நடந்தது தபால்காரிக்கு மட்டுந்தான் ஞாபகம். புதன்கிழமை மட்டும் விடிவதேயில்லை.

டொலறஸ் முதல் நாள் அரை மணித்தியாலம் வாசித்தாள். இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டை மறந்தாள். மூன்றாம் நாள் கஸ்பர் மாடியிலிருந்து தானாகவே இறங்கி வந்து, வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"ஆர் கொலை செய்ததெண்டு எனக்குத் தெரியும்" என்றாள் டொலறஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த டொக்டர். வந்த நேரத்திலயிருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை. குசினியில நிக்கிற தொமொயே, பாவம், விதம் விதமாய்ச் சமைச்சு வைக்கிறாள். தொட்டும் பார்க்கிறானில்லை."

ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் அவள் டொக்டரைக் குற்றம் சாட்டினாள். ஒவ்வொரு செவ்வாயும் ஹரூக்கோ செத்தாள். டொக்டரைக் களஞ்சிய அறையில் பூட்டினாள், ஹரூக்கோ செத்தாள். டொக்டரைப் பனிக்குள் துரத்திவிட்டாள். ஹரூக்கோவோடு தபால்காரியும் செத்தாள். ஐந்தாம் தடவை அந்தப் பிள்ளையைக் கிணற்றடியில் கண்டபோது டொலறஸுக்கு மனம் பொறுக்கவில்லை. கதையென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இத்தனை தரம் செத்தும் ஒருத்தருமே ஒரு செபம் சொல்லவில்லையே என்பதுதான் அவளை வருத்தியது. ஒரு தாளை எடுத்து, 'ஹரூக்கோவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, டொலறஸ் குடும்பம்' என்று எழுதி உறையில் போட்டுக் கஸ்பரிடம் கொடுத்துவிட்டாள். அவர் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய் உறையைப் பெட்டிக்குள் போட்டார். அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆருக்காகப் பூசை என்று கருத்துகள் வாசிக்கும் நேரத்தில் அவர் வழக்கம்போலக் கார்ப் பார்க்கில் நின்றார்.

அடுத்த ஞாயிறு ஹரூக்கோவோடு விடுதித் தோட்டக்காரருக்கும் பூசை. மூன்றாம் கிழமை விடுதி தீப்பிடித்து எரிந்தது. டொலறஸ் ஏழு பெயர் எழுதினாள்.

பாதர் செபமாலைமுத்து அந்த ஏழு பெயரையும் கண்ணாடியை ஏற்றி இறக்கி, எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தபோது கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு குடும்பமே போய்விட்டது!

கோயிலின் செபக்குழுவான மரியாயின் சேனைக்குத் தலைவி மரினா நோர்பரியில் இருந்தாள். ஆனாலும் கோலியர்ஸ் வுட்டில் நடப்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். டொலறஸ் குடும்பத்துக்கு ஜப்பானில் ஆர்? யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஷெறோன் ஒரு ஜப்பான் பெடியனை விரும்பியிருக்கிறாள், அந்தப் பெடியனின் வீட்டார்தான் பூமியதிர்ச்சியில் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் இந்தச் செய்தி லண்டனின் மறுகோடியில் உள்ள குட்மேய்ஸ்வரை போய்விட்டது. செவ்வாய் மத்தியானம் மரினா கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, ஷெறோனைக் கட்டிப்பிடித்து, ஒன்றும் சொல்லாமல் விம்மி அழுதுவிட்டுப் போனாள். கண் பரிசோதனைக்கு வந்தவர் பயந்து எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கஸ்பர் திறந்தார். பாதர், மரினா, அவளுடைய தங்கை றொசானா மூன்று பேரும் கறுப்பில் நின்றார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று இடியப்பமும் சொதியும் சம்பலும் பெரிய பாத்திரங்களில் வந்திருந்தன. கஸ்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இடியப்பம் விளங்கியது. உள்ளே விட்டார்.

மரினா டொலறஸின் கையைப் பிடித்தாள். "இந்த இழப்புக்கு என்ன ஆறுதல் சொல்லுறதெண்டு தெரியேல்லை டொலறஸ்."

முழங்காலைத்தான் கேட்கிறாள் என்று டொலறஸ் நினைத்தாள். "பரவாயில்லை மரினாக்கா. பழசு எப்பிடியும் உதவாமல் போச்சு. இப்ப புதுசு வைச்சிட்டினம்."

மரினா பிடித்த கையை விட்டாள். "அதுக்கிடையில புதுசோ?"

"ஓம், அதே நாளில. நல்ல உறுதியானது. இருபது வருசம் நிக்குமாம்."

றொசானா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பாதர் தொண்டையைச் செருமினார்.

"மகள், அவை எல்லாரும் ஒரே நாளிலயோ போனவை?"

"ஆர் பாதர்?"

"அந்த ஜப்பான் சனம்."

டொலறஸுக்கு அப்போதுதான் எல்லாம் வெளித்தது. முகம் கறுத்துச் சிவந்து திரும்பக் கறுத்தது. பாதரிடம் பொய் சொல்லவும் ஏலாது.

"ஓம் பாதர். செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

"எல்லாச் செவ்வாயும், பாதர்."

பிறகு அவள் மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். மணி, நரி, டொக்டர், கிணற்றடி.  மாடியிலிருந்து இறங்கி வந்த ஷெறோனைக் கண்டதும் றொசானா மட்டும் மெல்லிய குரலில் கேட்டாள்:

"அப்ப மாப்பிள்ளை தப்பிட்டாரோ?"

"எந்த மாப்பிள்ளை அன்ரி?"

மரினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் அந்த ஆத்துமங்களுக்கு மூண்டு செபமாலை சொன்னனான்! வெள்ளிக்கிழமை மீனும் தின்னாமல் விட்டனான்! இல்லாத ஆக்களுக்குப் பூசை வைக்கிறது பாவமில்லையோ பாதர்?"

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, வேதசாஸ்திரம் தேடுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. "சொன்ன செபம் வீணாய்ப் போகாது. நினைக்க ஆளில்லாத ஏதோ ஒரு ஆத்துமத்துக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு, "ஆனால் மகள், அந்தக் கிணற்றடிக்குப் போற வாசல் பூட்டின்ர திறப்பு ஆரின்ர கையில இருந்தது?" என்று கேட்டார்.

"அதைத்தான் பாதர் நானும் பார்க்கிறன்!" என்று டொலறஸ் மெஷினை எடுத்தாள்.

அன்று அவர்கள் இடியப்பத்தை முன்னறையிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். பாதருக்கு ஒரு மணிக்கு ஞானஸ்நானம் இருந்தது. அரை மணித்தியாலம் பிந்திப் போனார். அடுத்த சனிக்கிழமை மரினா தானாகவே வந்தாள், கறுப்பில்லாமல், கையில் குறிப்பெடுக்க ஒரு கொப்பியோடு. ஷெறோன் வரிகளைத் தமிழில் சொல்வாள், மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். அதில்தான் சண்டை. தபால்காரி எதைக் கண்டாலும் உடனே எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பது டொலறஸின் கட்சி. ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது மரினாவின் கட்சி.

"நீங்களோ இதைச் சொல்லுறது?" என்றாள் டொலறஸ். "என்ர மகளுக்கு ஜப்பான் மாப்பிள்ளையெண்டு குட்மேய்ஸ்வரைக்கும் கதை பரப்பினனீங்கள்!"

"அதாலதான் சொல்லுறன். கதை வெளியில போனால் என்ன நடக்குமெண்டு எனக்குத்தான் தெரியும்."

மரினா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தபோதுதான் கதை அசைந்தது. நாலாம் பாகத்தில் தபால்காரி ஒன்றும் பேசாமல் குசினி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே தொமொயே, எல்லாருக்கும் விதம் விதமாய்ச் சமைத்துப் போட்ட அந்தத் தொமொயே, ஹரூக்கோவின் தேத்தண்ணிக்குள் எதையோ கரைத்தாள்.

டொலறஸ் மெஷினை மேசையில் வைத்தாள். "இல்லை" என்றாள்.

"அவள்தான் அம்மா. தெளிவாய்க் காட்டுது. விடுதியைத் தன்ர பேருக்கு எடுக்கத்தான்."

"சாப்பாடு போடுறவள் அப்பிடிச் செய்யமாட்டாள். இதை எழுதினவனுக்குக் குசினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது." அவள் அழுதேவிட்டாள். பதினெட்டு வருடம் முந்நூறு தட்டை நிரப்பியவளை யாரோ நேரே நின்று அவமானப்படுத்தியது போல இருந்தது. இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மரினா போன் எடுத்தாள்.

"டொலறஸ், அவள் கூடாதவள். நீ அவளில்லை. அந்தப் பிள்ளை அங்க செவ்வாய்க்கிழமையில நிக்குது. வா, கூட்டிக்கொண்டு வருவம்."

கடைசிச் சனிக்கிழமை பாதரும் றொசானாவும் வந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடு என்ற வரியைத் தெரிவு செய்து டொலறஸ்தான் பொத்தானை அமத்தினாள். தொமொயே அகப்பட்டாள். டொக்டரின் கதையும் வெளியில் வந்தது. அவர் எண்பது வருடத்துக்கு முன்னமே பனியில் செத்த மனிதர். ஹரூக்கோவைக் காப்பாற்றத்தான் நரியைக்கொண்டு திரும்பத் திரும்ப மணியடிப்பித்திருக்கிறார். ஆவிக்கு எங்கே பசி? பதினொரு தரம் அவரைக் குற்றம் சாட்டிய டொலறஸ், ரீவியைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு புதன்கிழமை விடிந்தது. ஹரூக்கோ எழும்பினாள், முகம் கழுவினாள், ஒரு கூடை ஈர உடுப்பை முற்றத்துக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

"இனி இப்பிடியே பத்து நிமிசம் போகும், ஸ்கிப் பண்ணட்டோ?" என்று ஷெறோன் கேட்டாள்.

"கையை எடு!" என்று நாலு பேரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள்.

ஹரூக்கோ ஒரு படுக்கை விரிப்பை உதறினாள். றொசானா மூக்கைச் சிந்தினாள். மரினா முன்னுக்குச் சரிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பனிக்குள்ள உடுப்புக் காயுமே?"

"வெயில் கிடக்குத்தானே" என்றார் பாதர்.

"உந்த வெயிலுக்கோ? விறைச்சுப் பலகையாய்ப் போகும்."

"காத்து அடிச்சால் காயும் மரினாக்கா" என்றாள் டொலறஸ். "எங்கட பின் வளவில நான் டிசம்பரிலயும் போடுறனான்."

"போட்டு? காய்ஞ்சதோ?"

டொலறஸ் பதில் சொல்வதற்குள், கதவடியில் எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, கஸ்பர் உள்ளே தலையை நீட்டினார்.

"அந்தப் பிள்ளையை உள்ளுக்கு ஹீற்றரில போடச் சொல்லுங்கோ" என்றார்.