எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது இரண்டு

கும்பகோணத்திலிருந்து டேட்டா என்ட்ரி வேலைக்காக தில்லி வந்த அம்புஜம், புரோகிராம் எழுதுவதை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேனுவல்களைப் படித்தே கற்றுக்கொண்டாள். கிட்வாய் நகரில் அரசு வீடு, லோதி ரோடில் போலீஸ் பதிவுகளைப் பராமரிக்கும் அலுவலகம். 2005இல் அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அவள் பார்த்துக்கொண்ட தரவுத்தளத்தில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்றில் காணாமல் போனவர்கள். மற்றதில் அடையாளம் தெரியாத பிணங்கள். உயரம், தழும்பு, பச்சைகுத்து, தேதி எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இவர்தான் அவர் என்று சொல்லும் புரோகிராமை அவள்தான் எழுதியிருந்தாள். அது தப்பாகச் சொன்னால் யாரோ ஒரு குடும்பம் அநியாயமாக அழுது தீர்க்கும். அதனால் அதைச் சோதிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அந்தக் கருவி ஒரு பொய் ஆளைக் காணாமல் போனவனாகச் சேர்க்கும். அவனுக்கான பொய்ப் பிணத்தையும் சேர்க்கும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு இரண்டையும் அழித்துவிடும்.

அந்தப் பொய் ஆளை 1999 ஆகஸ்டில் அம்புஜம் உருவாக்கினாள். பெயர் லட்சுமணன், வயது முப்பத்துநாலு. இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. வலது கையில் சுண்டுவிரல் இல்லை. முன்கையில் தோகை பாதியில் நின்றுபோன மயில், பச்சை குத்தியது. நிஜ ஆள் யாரோடும் ஒத்துப்போகக் கூடாது என்றுதான் இவ்வளவும். காணாமல் போன தேதியைக்கூட இன்னும் வராத தேதியாகப் போட்டாள்: 14 மார்ச் 2001.

2005 பிப்ரவரியில் கருவியின் புதிய பதிப்பு வந்தது. அதை நிறுவியவள் பக்கத்து மேஜை ஜ்யோத்ஸ்னா, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அன்று பத்தேகாலுக்கு அவள் கூப்பிட்டாள்.

"மேடம், லட்சுமணன் ஃபெயில். எதிர்பார்த்தது ஒண்ணு, கிடைச்சது ரெண்டுன்னு வர்றது."

"இன்னொரு தடவை ஓட்டு."

"மூணு தடவை ஓட்டியாச்சு. பழைய வெர்ஷன்ல பாஸ், புதுசுல ஃபெயில்."

பதிப்போடு வந்த குறிப்பை அம்புஜம் வரி வரியாகப் படித்தாள். பழைய பதிப்பு, சோதனைக்கு முன் பட்டியல்களைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்கும். புதியது, நாம் சொன்னாலொழிய எதையும் காலி செய்யாது. அவர்களுடைய சோதனைத் தளத்தில் வாராவாரம் நிஜப் பதிவுகளின் நகல் ஏறும். அதாவது, லட்சுமணனை முதல்முறையாக நிஜப் பிணங்களோடு ஒப்பிட்டிருக்கிறது. ஒருவன் பொருந்தியிருக்கிறான்.

அந்தப் பதிவைத் திறந்தாள். ஆண், முப்பதிலிருந்து நாற்பதுக்குள். இடது புருவத்தில் தழும்பு. வலது சுண்டுவிரல் இல்லை. முன்கையில் மயில், முற்றுப்பெறாதது. கால்வாயில் கிடைத்த நாள் 16 மார்ச் 2001.

அந்தத் தேதியை அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

"இதைப் பார்த்துத்தானே டெஸ்ட் எழுதியிருக்கேள்? காப்பி பண்ணது ஞாபகம் இல்லாம இருக்கும்," என்றாள் ஜ்யோத்ஸ்னா.

அம்புஜம் இரும்பு அலமாரியைத் திறந்து பழைய அச்சுப்பிரதியை எடுத்துவந்தாள். ஓரத்தில் துளை போட்ட தாள். தலைப்பில் 1999 ஆகஸ்ட் 23 என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே, ஒன்றரை வருஷம் கழித்து வரப்போகிற ஒரு தேதி. ஜ்யோத்ஸ்னா படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். பிறகு கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பிணத்தின் கோப்பிலிருந்த புகைப்படம் வர நாலு நாள் ஆயிற்று. பார்த்ததும் அம்புஜத்துக்குத் தெரிந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஆள். சரோஜினி நகரில் இரவுக் காவல் முடித்து, காக்கி உடுப்போடு கம்பியை நாலு விரலால் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவான். அவள் லோதி ரோடில் இறங்குவாள், அவன் ஜங்புரா பக்கம் போவான். நெற்றித் திருநீற்றை வைத்துத் தமிழன் என்று நினைத்திருந்தாள், ஒரு வார்த்தை பேசியதில்லை. கற்பனை என்று அவள் நினைத்துக்கொண்டதெல்லாம் தினமும் கண்ணெதிரே நின்றிருக்கிறது.

தழும்பு புரிந்தது, விரல் புரிந்தது, மயிலும் புரிந்தது. தேதி மட்டும் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜங்புரா ரயில் பாதையோரத் தமிழ்க் குடிசைகளுக்குத் தனியாகப் போனாள். டீக்கடையில் விரலைப் பற்றிச் சொன்னதுமே, "சுப்புவா?" என்றார்கள். லட்சுமணன் இல்லை, சுப்பு. பெயராவது தப்பாக இருக்கிறதே என்று அவளுக்கு மூச்சு வந்தது.

சுப்புவின் மனைவி கோவிந்தம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தவள் கத்தவில்லை, அப்படியே தரையில் குந்தினாள். படத்திலிருந்த தழும்பை விரலால் தடவினாள்.

"எங்க ஊட்டுக்காரருதாம்மா. ஒரு புதன்கெழம வேலைக்குப் போனாரு. பதினாலாந்தேதி. பங்குனி பொறந்த அன்னிக்கு."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலையா?"

"ரெண்டு வாட்டி போனேன். எனக்கு இந்தி வராது, அவங்களுக்குத் தமிழ் வராது. தொலைஞ்சு போனவரு கணக்குல எம்புருசன் பேரே இல்லன்னாங்க அப்புறம்."

அது உண்மைதான் என்று அம்புஜத்துக்குத் தெரியும். நிஜப் பட்டியலில் சுப்பு இல்லை. அந்த மனிதன் காணாமல் போனான் என்று எழுதிவைத்த ஒரே ஆள் அவள்தான். அவன் பஸ்ஸில் உயிரோடு நின்றுகொண்டிருந்தபோதே எழுதியிருக்கிறாள். ஐந்தரை வருஷமாகத் தினமும் காலை பத்து மணிக்கு அவனைத் தொலைத்து, பிணமாகக் கண்டெடுத்து, அழித்திருக்கிறாள்.

"நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கோவிந்தம்மாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல வந்தது," என்றாள் அம்புஜம். பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே கோவிந்தம்மாளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய், புகாரை இந்தியில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். தேதியை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. அந்த வாரமே நிஜப் புரோகிராம் இருவரையும் பொருத்திக் காட்டியது. மே மாதம் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. நாலு வருஷமாகக் கழற்றாமல் வைத்திருந்த தாலியைக் கோவிந்தம்மாள் அன்றுதான் கழற்றினாள் என்று அம்புஜம் பிறகு கேள்விப்பட்டாள்.

கணவர் ராமச்சந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஆயிரம் தேதி போட்டா ஒண்ணு ஒத்துப்போகாதா?" என்றார் அவர். "ஆயிரம் போடலை. ஒண்ணுதான் போட்டேன்," என்றாள்.

லட்சுமணனைச் சோதனையிலிருந்து நீக்கும் வேலை மிச்சமிருந்தது. அவனுக்குப் பதிலாக ஒருவன் வேண்டும். விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். காதில் வெட்டு என்று நினைத்தால் பால் டிப்போக்காரர் காது நினைவுக்கு வந்தது. கன்னத்தில் மச்சம் என்றால் மாடிவீட்டுப் பெண். எங்கேயும் பார்க்காத ஓர் ஆளைத் தன்னால் நினைக்கவே முடியாது என்று அவளுக்கு அன்று தெரிந்தது.

கடைசியில் எழுதினாள்: பெயர் ஃ. உயரம் ஒன்பது மீட்டர். கைகள் ஏழு. காணாமல் போன தேதி 1 ஜனவரி 1800.

ஜ்யோத்ஸ்னா திரையை எட்டிப் பார்த்தாள். "மேடம், இது ரியலிஸ்டிக்கா இல்லையே. இப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது."

"ஓட்டு," என்றாள் அம்புஜம்.

எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று வந்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஜ்யோத்ஸ்னாவை இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள்.