கலாநிதியின் கடிதம்

எனக்கு நாய் தேவை என்பதற்கு மருத்துவச் சான்றாக, தமிழ் இலக்கணத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற நண்பரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தவன் நான். ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு முன்னாலும் ‘டொக்டர்’ என்றுதான் வரும்.

வருத்தம் (எங்கள் பேச்சில் நோய்) லிஃப்டில் தொடங்கியது. கனடாவில், ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஒருநாள் ஏழாம் மாடி தாண்டும்போது நெஞ்சு இடித்தது, கை விறைத்தது. மாரடைப்பென்று நம்பி, கணினியின் கடவுச்சொல்லை மனைவியிடம் ஒப்படைத்தேன். மருத்துவமனையில், இதயம் நன்றாக இருக்கிறது, இது பீதித் தாக்கு (ஆபத்தே இல்லாமல் உடல் அடிக்கும் அபாயமணி) என்றார்கள். குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

அவர் கோயிலில் சந்திக்கும் மனிதர். மனதில் கோளாறென்று எப்படிச் சொல்வது? படியேறத் தொடங்கினேன், கேட்டவர்களிடம் உடற்பயிற்சி என்றேன். ஒரு சின்ன நாயும் வாங்கினேன். அது மடியில் இருந்தால் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அதில் பொய்யில்லை.

எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் நாய்க்குத் தடை. நோயால் தேவை என்றால் மனித உரிமைச் சட்டப்படி விலக்குக் கேட்கலாம். பதிவுபெற்ற மருத்துவரோ தாதியோ உளவியலாளரோ அந்தத் தேவையை எழுதித் தரவேண்டும். பொதுவாக நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. சேவை நாய்க்கென்று இணையத்தில் வாங்கும் சிவப்பு அங்கி எதையும் நிரூபிக்காது. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அங்கியை முதலே வாங்கியிருந்தேன்.

கட்டட நிர்வாகி, நண்பரின் கடிதத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தார். நண்பர் நேர்மையாகத் தன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். கோபமடைந்த நிர்வாகி, நாய் வைத்திருந்த எல்லோரிடமும் விளக்கம் கேட்டார். எல்லோர் என்றால் இருவர்: நானும், நாலாம் மாடி மேரியும்.

மேரிக்கு வலிப்பு (மூளையின் மின்னோட்டம் திடீரெனக் குழம்புவது) வந்தால் அவருடைய நாய் குரைத்து ஆள் கூப்பிடும். மகளுக்குக் கலியாணம் பேசுவதால் வருத்தத்தை மறைத்து வைத்திருந்தார். லொபியில் நிர்வாகி “என்ன நோய்?” என்று, கேட்கக்கூடாததைக் கேட்டார். மேரி பயந்து சொல்லிவிட்டார். தபால் எடுக்க நின்ற நாலு தமிழருக்கும் கேட்டது. நான் ஐந்தாவது ஆள். வாய் திறக்கவில்லை.

பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து வந்த கலியாணப் பேச்சு அந்த வாரமே நின்றது.

பிறகுதான் குடும்ப டொக்டரிடம் போனேன்.

“ஏன் முந்தியே வரேல்லை?”

“வெக்கமாக் கிடந்தது.”

“நாய்க்கு அங்கி போட்டுக் கூட்டிக்கொண்டு திரியேக்க வெக்கமில்லையோ?”

அவர் தந்த கடிதம் மூன்றே வரி. மருந்தும் உளவியல் சிகிச்சையும் தொடர்கின்றன. இப்போது லிஃப்டில்தான் போகிறேன். மேலே போய்ச் சேர எத்தனை மூச்சு என்று உடம்புக்குத் தெரியும். நாலாம் மாடியில் மட்டும் ஒன்று பிசகும்.

ஒருநாள் அங்கே இறங்கிக் கதவைத் தட்டினேன்.

“என்ர வருத்தத்தை மறைக்கப் போய் உங்கடயை வெளியில விட்டிட்டன், தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

மேரி கதவை அகலத் திறந்தார்.

“உங்கட வருத்தம் ஆருக்கண்ணை தெரியாது? நாயையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மாடி ஏறினா, சனம் எக்சர்சைஸ் எண்டே நினைக்கும்?”